பத்மா படகில் ஒரு ஜமீன்தார்

தாகூர் என்றதும் உங்கள் மனதில் வரும் படம் எது என்று எனக்குத் தெரியும். நீளமான வெள்ளைத் தாடி, தோளிலிருந்து பாதம்வரை தொங்கும் அங்கி, முனிவர் மாதிரி ஒரு பார்வை. தேசிய கீதம் எழுதினார், நோபல் பரிசு வாங்கினார், சாந்திநிகேதன் கட்டினார். இந்த மூன்று வரியோடு நமக்கு அவர் முடிந்துவிடுகிறார்.

இந்த இதழில் உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய நினைப்பது வேறொரு தாகூரை. வயது முப்பது. தாடி கறுப்பு. கவிதை நோட்டுக்குப் பக்கத்தில் குத்தகைக் கணக்குப் பேரேடு. வீடு என்பது ஒரு படகு. காவிரிக் கரையில் குடியிருக்கிற நமக்கு இந்த ஆளைத்தான் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே பாலம் வருவதற்கு முன்னால் பரிசலில் அக்கரை போனவர்கள் நம் குடியிருப்பில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். ஆற்றுக்கு நடுவே போனதும் கரைச் சத்தம் குறைந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்குமே, அது உங்களுக்கு நினைவிருக்கும். நமக்கு அது சிறிது நேரத்துச் சவாரி. அவருக்கு அது பத்து வருஷத்து வாழ்க்கை.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். ரவீந்திரநாத் பிறந்தது 1861 மே 7, கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்ற இடத்தில் உள்ள பெரிய வீட்டில். தாத்தா துவாரகநாத் தாகூர் பெரும் வியாபாரி. அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து வங்கி, நிலக்கரி, கப்பல் என்று கை வைத்தவர். அப்பா தேவேந்திரநாத் நேர் எதிர், பிரம்ம சமாஜத்துப் பெரியவர். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவே இல்லை. 1878-ல் சட்டம் படிக்க இங்கிலாந்து அனுப்பினார்கள். பட்டம் வாங்காமலே 1880-ல் திரும்பி வந்தார். 1883-ல் கல்யாணம். பெண் மிருணாளினி, அவர்கள் ஜமீன் கச்சேரியில் வேலை பார்த்த ஒருவரின் மகள்.

இந்தக் குடும்பத்துக்கும் படகுக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம். ரவீந்திரநாத்தின் அண்ணன் ஜோதீந்திரநாத் ஒரு காரியம் செய்தார், அதை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1884-ல் ஏலத்தில் ஒரு கப்பலின் வெறும் உடம்பை மட்டும் வாங்கி, அதற்கு இயந்திரம் பொருத்தி, சரோஜினி என்று பெயர் வைத்து, குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஓட்டினார். எதிரே வெள்ளைக்காரக் கம்பெனி. கட்டணத்தை இவர் குறைக்க அவர்கள் இன்னும் குறைக்க, கடைசியில் இவர் கப்பலில் ஏறுகிற பயணிகளுக்குத் தின்பண்டம் வேறு இலவசம். இதே கதை நம் பக்கம் எங்கே நடந்தது என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906-ல். அதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே வங்காளத்தில் ஒருவர் இந்தச் சூதில் இறங்கித் தோற்றிருக்கிறார். ஜோதீந்திரநாத்தின் கப்பல்களில் ஒன்றின் பெயரும் சுதேசிதான். அது ஹௌரா பாலத்தில் மோதி மூழ்கியது. அதோடு தொழிலும் போயிற்று. தம்பிக்கு அப்போது வயது இருபத்துமூன்று, எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

அப்பா தேவேந்திரநாத் கணக்கில் கறார். கடைசிப் பையன் கவிதை எழுதிக்கொண்டு சும்மா இருப்பது அவருக்குச் சரிப்படவில்லை. 1890 வாக்கில் குடும்பத்து ஜமீன் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார். ஷிலைதா, ஷாஜாத்பூர், பதிசர் என்று மூன்று இடத்தில் கச்சேரி. மூன்றும் இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக அன்று ஆறுதான் வழி. பத்மா, கொராய், இச்சாமதி, ஆத்ரேயி, நாகோர் என்று ஆறுகளும் ஓடைகளும் வலை பின்னிக் கிடக்கும் பூமி அது. மழைக்காலத்தில் நிலம் எது நீர் எது என்று தெரியாது.

அதனால்தான் படகு. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பழைய படகு இருந்தது, தாத்தா காலத்தது. அதற்கு ரவீந்திரநாத் வைத்த பெயர் பத்மா. வங்காளத்தில் இந்த வகைப் படகை பஜ்ரா என்பார்கள். கேரளத்துக் கெட்டுவள்ளத்தில் நீங்கள் போயிருந்தால் ஏறக்குறைய உருவம் பிடிபடும். கட்டையால் ஆன அடிப்பாகம், அதன்மேல் ஜன்னல் வைத்த அறைகள், மேலே நடமாட ஒரு தளம், பாய்மரம். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால் துடுப்பும் கோலும். எதிர் நீரோட்டம் என்றால் படகோட்டிகள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். குளிர்காலத்தில் ஆள் அரவம் இல்லாத மணல் திட்டு ஒன்றின் ஓரம் படகைக் கட்டிப்போட்டு, வாரக்கணக்கில் அங்கேயே இருப்பார். சில சமயம் மனைவி குழந்தைகளும் உடன் வருவார்கள். ஜகதீஷ் சந்திர போஸ், அதே விஞ்ஞானி போஸ்தான், வார விடுமுறைக்கு வந்துவிடுவார். பகலில் தாகூரின் மகன் ரதீந்திரநாத்துக்கு மணலில் ஆமை முட்டை எங்கே இருக்கும் என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பார். சாயங்காலம் ஆனால் அவருக்குப் புதுச் சிறுகதை ஒன்று படித்துக் காட்டியாக வேண்டும். வாரம் ஒரு கதை வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இதெல்லாம் கேட்க உல்லாசப் பயணம் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. 1892 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். மழைக்காலம், ஆறு கரை புரள்கிறது. பாய் விரித்துக்கொண்டு எதிர் நீரோட்டத்தில் படகு கொராய் ஆற்றில் போகிறது. எதிரே பாலம். பாய்மரம் பாலத்துக்கு அடியில் நுழையுமா, முட்டுமா என்று படகோட்டிகளுக்குள் விவாதம். முட்டினாலும் பயமில்லை, நீரோட்டம் எதிரே இருப்பதால் பாயை இறக்கினால் படகு தானே பின்னால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் பாலத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒரு சுழல் இருக்கிறது, நீர் அந்த இடத்தில் மட்டும் பாலத்தை நோக்கி இழுக்கிறது. பாய்மரம் பாலத்தில் மாட்டிக்கொண்டது. படகு சாயத் தொடங்கியது. இன்னொரு படகு அவசரமாக வந்து அவரை ஏற்றிக்கொண்டது. படகோட்டிகள் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திக் கரையேறி, கரையில் நின்ற ஜனங்களும் சேர்ந்து இழுத்துத்தான் பத்மாவை மீட்டார்கள். நோபல் பரிசுக்கு இன்னும் இருபத்தொரு வருஷம் இருக்கிறது. அந்தக் கயிறு அறுந்திருந்தால் பத்மா அன்றே போயிருக்கும், ஒருவேளை அவரும் போயிருப்பார்.

இத்தனைக்கும் படகைவிட்டு அவர் இறங்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஜோராசாங்கோ வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெருதான் தெரியும். படகு ஜன்னல் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. படித்துறையில் பாத்திரம் துலக்குகிற பெண், புகுந்த வீட்டுக்குப் படகேறும்போது அழுகிற சிறுமி, சந்தைக்குப் போகிற குடியானவன் எல்லாரும் அவருக்கு எட்டுகிற தூரத்தில் வந்துவிட்டார்கள். அதுவரை அவர் எழுதியதில் நிலவும் பூவும் மனவேதனையும் நிறைய இருந்தன. ஆட்கள் குறைவு. ஆட்கள் வந்து சேர்ந்தது படகில் ஏறிய பிறகுதான்.

ஷாஜாத்பூர்க் கச்சேரிக் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு தபாலாபீஸ் இருந்தது. பட்டணத்திலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டருக்குப் பேச்சுத்துணை இல்லை. சாயங்காலம் மேலே வந்து இவரோடு பேசிக்கொண்டிருப்பார். போஸ்ட்மாஸ்டர் என்ற கதை அப்படிப் பிறந்தது. கிராமத்து ஆபீசுக்கு மாற்றலாகிப் போய் ஒற்றை அறையில் சமைத்துச் சாப்பிட்ட யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்தக் கதையை இன்றே தேடிப் படியுங்கள். இன்னொரு நாள் கரையில் சிறுவர்கள் சேர்ந்து ஒரு பெரிய பாய்மரக் கட்டையை உருட்டி விளையாடுவதைப் படகிலிருந்து பார்த்தார். அதுதான் விடுமுறை என்ற கதையின் முதல் காட்சி. அந்தக் கதையில் கிராமத்துப் பையன் ஃபடிக் படிப்புக்காகக் கல்கத்தாவில் மாமா வீட்டுக்குப் போகிறான். யாருக்கும் வேண்டாதவனாகிறான். காய்ச்சல் கண்டு பிதற்றும்போது, ஆற்றுக் கப்பல்காரர்கள் ஆழம் பார்த்துக் குரல் கொடுப்பதுபோல் குரல் கொடுக்கிறான். அவனுக்கு ஆழம் கிடைப்பதே இல்லை. பாரதியாரே தாகூரின் சில கதைகளைத் தமிழாக்கியிருக்கிறார். பிறகு த.நா. குமாரசாமி வங்காளி மொழியையே கற்று நேரடியாகக் கொண்டுவந்தார். 1894-ல் வந்த கவிதைத் தொகுப்புக்குத் தாகூர் வைத்த பெயரே பொற்படகு என்று பொருள்படும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தப் படகு அங்கே போனது கதை எழுத அல்ல, குத்தகை வசூலிக்க. தாகூர் ஜமீன்தார். அவர் குடும்பம் சாப்பிட்டது அந்தக் குடியானவர்கள் கொடுத்த பணத்தில். இதை அவர் பக்தர்கள் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் தாண்டவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மரியாதை வரக் காரணம். வருஷக் கணக்குத் தொடங்கும் நாளில் கச்சேரியில் ஒரு சடங்கு உண்டு. அதில் இந்துக்களுக்கு ஓர் இடம், முஸ்லிம்களுக்கு வேறு இடம், பிராமணருக்குத் தனி இடம். குடியானவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். புது ஜமீன்தார் முதல் வருஷமே இதை எடுத்தார். எல்லாரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்தால்தான் நானும் உட்காருவேன் என்றார். கச்சேரி ஊழியர்கள் முணுமுணுத்தார்கள், ராஜினாமா என்றுகூடப் பயமுறுத்தினார்கள். விரிப்பு ஒன்றுதான் என்று ஆனது.

பதிசர்ப் பக்கம் அவர் ஏற்படுத்திய இன்னொன்று நம் சங்கத்துக்கே பங்காளி மாதிரி. கிராமத்தார் நலச் சபை ஒன்று. குடியானவர்கள் கட்டும் குத்தகையில் ரூபாய்க்குச் சில பைசா கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஜமீனும் தன் பங்கைப் போடும். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பாதை. எதற்குச் செலவு என்பதைக் கிராமத்தார் தேர்ந்தெடுத்தவர்கள் பேசி முடிவு செய்வார்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இனி வங்கி. முப்பத்தைந்து வருஷம் கல்லாவுக்கு உள்ளே இருந்தவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள். படகிலிருந்து பார்த்ததில் அவரை அதிகம் உறுத்தியது கந்துவட்டி. விதைக்குக் கடன், சாப்பாட்டுக்குக் கடன், அறுத்ததும் வட்டிக்கே போய்விடும். அசல் அப்படியே நிற்கும். 1905-ல் பதிசரில் விவசாய வங்கி ஒன்றைத் தொடங்கினார். மூலதனம் அவரிடம் இல்லை. நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கடன் வாங்கி, குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கொடுத்தார். அந்த வட்டாரத்தில் லேவாதேவிக்காரர்கள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பும் அளவுக்கு வங்கி ஓடியது. அடுத்த வருஷம் மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ்டர் ஆக லண்டன் போவார்கள். இவர் பிள்ளை போனது விவசாயம் படிக்க. 1909-ல் மகன் திரும்பியதும் அப்பா முதலில் செய்தது, அவரைப் படகில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அழைத்துப் போனதுதான்.

இதற்கு நடுவே அவர் வீட்டில் நடந்தது எந்த எதிரிக்கும் வரக்கூடாது. 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார், ஐந்தே மாணவர்கள். பணத்துக்கு மனைவியின் நகைகள் போயின. 1902-ல் மனைவி இறந்தார். 1903-ல் நடு மகள், 1905-ல் அப்பா, 1907-ல் கடைசி மகன் சமீந்திரன், பதினொரு வயது.

1912 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற இருந்தார். புறப்படும் நேரத்தில் உடம்பு முடியாமல் போயிற்று. ஓய்வெடுக்க அவர் போன இடம் ஷிலைதா. பெரிதாக எழுதத் தெம்பில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. தம் வங்காளிப் பாட்டுகளைச் சின்ன நோட்டு ஒன்றில் ஆங்கிலத்தில் மாற்ற ஆரம்பித்தார். அதுதான் உலகம் படித்த கீதாஞ்சலி. மே மாதம் கப்பலேறினார். லண்டனில் சுரங்க ரயிலில் அந்த நோட்டு இருந்த பையை ரதீந்திரநாத் தவறவிட்டுவிட்டார். காணாமல் போன பொருள்கள் அலுவலகத்தில் அது பத்திரமாகக் கிடைத்தது. 1913-ல் நோபல்.

பரிசுப் பணம் ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல். அந்தக் காலத்து ஒரு லட்சம். நீங்களாக இருந்தால் எங்கே போட்டிருப்பீர்கள்? அரசாங்கப் பத்திரம், கல்கத்தாவில் ஒரு வீடு. அவர் அதைப் பதிசர் விவசாய வங்கியில் டெபாசிட் செய்தார். வட்டி வருஷா வருஷம் சாந்திநிகேதன் பள்ளிக்கு, அசல் குடியானவனுக்குக் கடனாக. ஒரே பணம் இரண்டு இடத்தில் வேலை செய்தது. இதை ஏட்டளவில் பார்த்தால் அழகான ஏற்பாடு. வங்கிக்காரன் கண்ணால் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிற ஏற்பாடு. டெபாசிட் ஒரே பெரிய கணக்கு, கடன் முழுவதும் ஒரே வட்டாரம், ஒரே தொழில். மழை பொய்த்தால் எல்லாரும் ஒன்றாகப் பொய்ப்பார்கள். அடமானம் என்று பார்த்தால், ஏழையின் நிலத்தை ஏலம் போட அவருக்கு மனம் வராது.

ஆனாலும் வங்கி இருபது வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. முடித்து வைத்தது 1930-களில் வந்த விவசாய விலை வீழ்ச்சியும், அதைத் தொடர்ந்து 1935-ல் வங்காளத்தில் வந்த விவசாயக் கடனாளிகள் சட்டமும். நம் மாகாணத்தில் ராஜாஜி 1938-ல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்துக்கு அண்ணன் முறை. லேவாதேவிக்காரனிடமிருந்து குடியானவனைக் காப்பாற்றத்தான் சட்டம் போட்டார்கள். அதே வேலைக்காகத் தாகூர் வைத்த வங்கியின் கடனும் வசூலாகாமல் நின்றுபோனது. நோபல் பணத்தின் அசல் வாராக்கடனில் கரைந்தது. அதற்காக அவர் குடியானவர்களைக் குறை சொன்னதில்லை.

1937 ஜூலையில் கடைசியாகப் பதிசர் போனார், வயது எழுபத்தாறு. நாகோர் ஆற்றில் படகில் வந்தவரைப் பார்க்கக் கரையில் குடியானவர்கள் திரண்டார்கள். சின்னப் பையன்களாக அவர் பார்த்தவர்கள் அன்று கிழவர்கள். முதுமையில் சந்தன்நகர்ப் பக்கம் கங்கையில் பத்மாவை நிறுத்தி, அதில் தங்கியும் இருக்கிறார். 1941 ஆகஸ்ட் 7-ல் ஜோராசாங்கோவில், பிறந்த அதே வீட்டில் காலமானார்.

பத்மாவைக் காப்பாற்றியிருக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். கட்டைப் படகைக் காப்பாற்றுவது வீட்டைக் காப்பாற்றுவது மாதிரி இல்லை. தண்ணீரில் இருக்கும்வரை பலகை ஊறி, இடுக்குகள் தாமாக மூடிக்கொள்ளும். கரையில் ஏற்றிக் கூரை போட்டு வைத்தால் பலகை காய்ந்து சுருங்கி, இடுக்கு வாய் பிளக்கும். பூட்டி வைத்தால் பாழ், ஓட்டினால்தான் உயிர். இங்கிலாந்தில் ஆர்தர் ரான்சம் என்ற சிறுவர் கதை எழுத்தாளரின் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது, பெயர் நான்சி பிளாக்கெட். 1931-ல் கட்டியது, 28 அடி நீளம். 1937-ல் அவர் எழுதிய நாவலில் குழந்தைகளை வடகடல் தாண்டி ஹாலந்துவரை கொண்டுபோன படகுக்கு அதுதான் மாதிரி. பிறகு கைமாறிக் கைமாறி, ஸ்கார்பரோ துறைமுகத்தில் உளுத்துப் போய்க் கிடந்ததை வாசகர் ஒருவர் கண்டுபிடித்துச் செப்பனிட்டார். 1997 முதல் ஓர் அறக்கட்டளை அதை வைத்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டில் அல்ல, கடலில். சந்தா கட்டிய உறுப்பினர்கள் இன்றும் அதில் பாய் விரித்துப் போகிறார்கள். தாகூர் விஷயத்தில் நாம் கூண்டு வழியைத்தான் நம்பினோம். சாந்திநிகேதன் அருங்காட்சியகத்தில் பூட்டி வைத்திருந்த நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் திருடு போனது.

இருந்தாலும் பார்க்க மிச்சம் இருக்கிறது. ஷிலைதா வீடு இன்று வங்கதேச அரசின் அருங்காட்சியகம். அவர் பயன்படுத்திய சபலா, சஞ்சலா என்ற இரண்டு சின்னப் படகுகள் அங்கே இருக்கின்றன. பதிசர்க் கச்சேரியிலும் ஓர் அருங்காட்சியகம். அங்கே இரும்புப் பெட்டகம் ஒன்றும், நாகோர் ஆற்றில் அவர் போன படகின் நங்கூரமும் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் முடியாது, பாஸ்போர்ட் இல்லை என்பவர்கள் கொல்கத்தா போகும்போது ஜோராசாங்கோ வீட்டுக்குப் போங்கள். பத்மாவைப் போலவே மரத்தில் செய்த மாதிரிப் படகு ஒன்றை வங்கதேசம் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறது, அங்கே பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.